ஆவி பறக்குது சார்!

"சார், இட்லி வெந்துடுச்சா?"

கேட்டவர் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர். இடம்: ஆற்காடு ரோடு, வளசரவாக்கம். காலம்: 2023 மே மாதம், அக்னி நட்சத்திரம், காலை பதினொன்றரை மணி. மெட்ரோ வேலைக்காக ரோட்டின் நடுவே தகரத் தடுப்பு கட்டியிருந்தார்கள். மிச்சமிருந்த சந்தில் சென்னை மாநகரமே க்யூவில் நின்றது. அந்தக் க்யூவின் நடுவில், பானெட் இடுக்கில் புஸ்புஸ்ஸென்று ஆவி விட்டபடி அப்பாவின் பிரீமியர் பத்மினி. ஸ்டியரிங்கில் அடியேன். பக்கத்தில் அப்பா, வயசு 76. பின் சீட்டில் அம்மா, மடியில் சீர்த்தட்டு. போரூரில் அத்தை பேத்திக்கு நிச்சயதார்த்தம். பன்னிரண்டு மணிக்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

என் மனைவி புத்திசாலி. "உங்க வண்டியில நீங்க வாங்க, நான் ஆட்டோவில வந்துடறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். பத்து நிமிஷத்துக்கு முன் எங்களைத் தாண்டிப் போகும்போது கை வேறு ஆட்டினாள்.

டாஷ்போர்டுக்குக் கீழே அப்பா தனியாக வாங்கி மாட்டிய டெம்பரேச்சர் மீட்டர் ஒன்று உண்டு. அதன் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு, தாண்டி, இனி போக இடமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணுடா" என்றார் அப்பா.

"அந்த சிக்னலைத் தாண்டிட்டா காத்து வரும்ப்பா."

"சிக்னலைத் தாண்டறதுக்குள்ள ஹெட் கேஸ்கட் போயிடும். ஆஃப் பண்ணு."

ஆஃப் பண்ணினேன். பின்னால் நாற்பது ஹாரன்கள் எங்கள் குடும்பத்தை விசாரித்தன. இரண்டு ஆட்டோக்காரர்களும் ஒரு ஸ்விக்கிப் பையனும் இறங்கித் தள்ளி, ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினார்கள். (இட்லி கேட்ட ஆட்டோக்காரர்தான் முதலில் இறங்கியவர். சென்னையில் கிண்டல் பண்ணுகிற ஆளும் கை கொடுக்கிற ஆளும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.)

நிற்க. வண்டி நின்றுவிட்டது, நாமும் கொஞ்சம் நிற்கலாம். ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த முள் ஏற ஏற, எனக்குள் ஓர் அற்ப சந்தோஷமும் ஏறிக்கொண்டிருந்தது.

காரணம், அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஓர் ஓட்டல் முதலாளி என்னைப் பிடித்திருந்தார். ரிசப்ஷனில் பழைய கார் ஒன்றை நிறுத்தி, மேலே சீரியல் லைட் போட்டு, வருகிறவர்கள் செல்ஃபி எடுக்க வைக்க வேண்டுமாம். "இன்ஜின் ஓடணும்னுகூட இல்ல சார், பளபளன்னு இருந்தா போதும்" என்று நல்ல விலை ஒன்றையும் சொன்னார். நான் பி.காம். தேய்மானம் கழித்துக் கழித்து என்றைக்கோ சைபராகிப் போன சொத்து அது. அதற்கு ஒருத்தர் விலை சொல்கிறார் என்றால், எந்தக் கணக்குப் புத்தகமும் 'கொடு' என்றுதான் சொல்லும். 2022 ஏப்ரலிலிருந்து பதினைந்து வருஷம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணமே 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் அழ வேண்டும். பெட்ரோல் தனி.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. வண்டியே நடுரோட்டில் கொதித்து நின்று, 'என்னை விட்டுடுங்கப்பா' என்று அவரிடம் நேரில் சொன்னால் என் வேலை சுலபம்!

வண்டி 1979 மாடல். அப்பா 1989-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி ஃபியட் 1100-ஐத் தயாரித்து, எழுபதுகளில் அதற்குப் 'பத்மினி' என்று பெயர் வைத்தது. நம்மாட்கள் கடைசிவரை 'ஃபியட்' என்றுதான் கூப்பிட்டார்கள். 1,089 சி.சி. இன்ஜின், ஸ்டியரிங்கோடு ஒட்டின கியர். நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது ரிக்‌ஷாவில், என் தங்கை வந்தது ஃபியட்டில். இந்தப் பாகுபாட்டை அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

டீக்கடைக்கு வருவோம். மணி பதினொன்று நாற்பது. தட்டு மாற்றுகிற நேரம் நெருங்குகிறது. அம்மாவைச் சீர்த்தட்டோடு அதே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். நான் பானெட்டைத் திறந்தேன். கடைக்காரரிடம் ஒரு குடம் தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டு, கைக்குட்டையை மடித்து, ரேடியேட்டர் மூடி மேல் கையை வைத்தேன்.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

எழுபத்தாறு வயசுக் கையா அது! உடும்புப் பிடி. ஒன்றும் பேசவில்லை. இடது கையால் தன் வலது சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினார். முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு அந்தத் தழும்பு. சின்ன வயசிலிருந்து எனக்குத் தெரிந்த தழும்புதான். 'ஆபீஸ் கேன்டீனில் காபி பாய்லர் வெடித்தது' என்பது எங்கள் வீட்டு இதிகாசங்களில் ஒன்று. நானே ஸ்கூலில் அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

"காபியும் இல்ல, பாய்லரும் இல்ல" என்றார் அப்பா. "இந்த மூடிதான். 1992, கோயம்பேடு கிட்ட. உன்னை மாதிரியே அவசரம். உன்னை மாதிரியே கைக்குட்டை."

விஷயம் இதுதான். சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. ஏழு பவுண்டு அழுத்தம் தாங்குகிற மூடி என்றால், தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கும். அந்த நிலையில் நாம் போய் மூடியைத் திறந்தால்? அழுத்தம் ஒரே விநாடியில் போய்விடுகிறது. 'அப்படியா, நான் நூறைத் தாண்டிட்டேனா?' என்று உள்ளே இருக்கிற தண்ணீர் அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து, ஆவியாய், வெந்நீராய் முகத்தைப் பார்த்துக் கிளம்பும். கைக்குட்டை எம்மாத்திரம்!

"அம்மாகிட்ட ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"வண்டி வாங்க வேணாம்னு ஒத்தக்கால்ல நின்னா. அவ சீட்டுப் பணத்தையும் போட்டுத்தான் வாங்கினேன். அந்த வண்டியே என்னைச் சுட்டுடுச்சுன்னு எந்த மூஞ்சியோட சொல்றது?"

முப்பது வருஷமாக ஒரு காபி பாய்லரைக் கட்டிக் காப்பாற்றியிருக்கிறார் மனுஷர்!

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கு இரண்டு டீ. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, கை தாங்குகிற சூடான பிறகு, கனமான துணியைப் போட்டு மூடியைப் பாதி திருகி, 'உஸ்' சத்தம் அடங்கின பிறகு முழுசாக எடுத்தார் அப்பா. குடத்துத் தண்ணீரையும் உடனே கவிழ்க்க விடவில்லை. கொதித்த இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் உலோகம் விரிசல் விடும். ஆறின பிறகு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னார். நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் போனபோது பாயசம் தீர்ந்திருந்தது.

மறுநாள் புதுப்பேட்டை. பழைய கார்களுக்கு அது மயிலாப்பூர் தெப்பக்குளம் மாதிரி. மூழ்கினால் எதுவும் கிடைக்கும். அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் அங்கே இருக்கிறார். அறுபது தாண்டின மனிதர். நான் போனதுமே, "வயசாச்சுல்ல பாய், அதான் சூடாகுது" என்று ஆரம்பித்தேன். ஓட்டலுக்குப் போகிற பாதையைப் பாய் வாயாலேயே போட்டுவிடலாம் என்று கணக்கு.

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வயசானா வண்டிக்குச் சூடு வராது தம்பி. கவனிக்காம விட்டாத்தான் வரும். தண்ணி என்ன ஊத்துறீங்க?"

"போர் தண்ணிதான்."

"எத்தினி வருசமா?"

"அப்பா ஓட்டறதை நிறுத்தினதுலேர்ந்து... மூணு வருஷமா."

பாய் பதில் பேசாமல் ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியின் பற்றை உருக்கிப் பிரித்துக் காட்டினார். உள்ளே மெல்லிசாக வரிசை வரிசையாகக் குழாய்கள். பாதிக்கு மேல் வெள்ளை வெளேரென்று அடைத்திருந்தது. எங்கள் பாத்ரூம் கெய்சரில் படிகிற அதே உப்பு. தண்ணீர் போக வழியில்லை. போகிற கொஞ்சத்திலிருந்தும் சூடு வெளியே வர முடியாமல் உப்பு ஒரு கம்பளி போர்த்தியிருந்தது.

"அப்பா என்ன தண்ணி ஊத்துவாங்க?" என்றார் பாய்.

நினைவிருக்கிறது. மழைக்காலத்தில் மொட்டை மாடித் தண்ணீரை வேட்டியில் வடிகட்டி, பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வைப்பார். 'வண்டிக்கு' என்று அதில் எழுதி ஒட்டியிருக்கும். நாங்கள் எல்லாரும் சிரிப்போம்.

அடுத்தது தெர்மோஸ்டாட். அது இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம்! போன வருஷம் ஒரு சர்வீஸ் கடையில், "இதை எடுத்துட்டா வண்டி சூடே ஆகாது" என்று யாரோ சொல்ல, நானும் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

தெர்மோஸ்டாட் என்பது வாசலில் உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேன். இன்ஜின் சில்லென்று இருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்கு விடமாட்டார். எண்பது டிகிரி தாண்டினதும் கதவைத் திறப்பார். ஆளை எடுத்துவிட்டால் காலையில் இன்ஜின் சூடேறவே நேரமாகும், பெட்ரோல் குடிக்கும். சில இன்ஜின்களில் இன்னொரு கூத்து: குறுக்கு வழி ஒன்று திறந்தே இருந்து, சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்கே திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கிறேன் என்று எடுத்தது, சூட்டை ஏற்றும்.

புது தெர்மோஸ்டாட் வாங்கி வந்தேன். அதை வண்டியில் மாட்டுமுன் பரிசோதிக்க வேண்டும் என்று அப்பா அம்மாவின் பால் பாத்திரத்தை எடுத்தார். அதில் தண்ணீர், அந்தத் தண்ணீரில் நூல் கட்டின தெர்மோஸ்டாட், கூடவே ஒரு தெர்மாமீட்டர். கேஸ் அடுப்பைப் பற்ற வைத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அப்பா குனிந்து பார்த்தார். எழுபத்தெட்டு... எண்பது... எண்பத்திரண்டில், சொல்லி வைத்த மாதிரி, பித்தளை வாய் மெதுவாகத் திறந்தது. "பாரு, பாரு!" என்று என் தோளைத் தட்டினார். பேரனின் முதல் பல்லைப் பார்த்தபோதுகூட இவ்வளவு குதிக்கவில்லை. பால் பாத்திரத்துக்காக அம்மா நடத்திய விசாரணை இங்கே வேண்டாம்.

எனக்கு ஒரு சந்தேகம். இதே வண்டி ஈ.சி.ஆரில் அறுபதில் ஓடும்போது முள் அசையாது. ஆற்காடு ரோட்டில் சும்மா நிற்கும்போது மட்டும் ஏன் கொதிக்கிறது? உழைக்கும்போது வராத கோபம் நிற்கும்போது ஏன்?

பாய் விளக்கினதை என் பாஷையில் சொல்கிறேன். நாம் போடுகிற பெட்ரோலின் சக்தியில் சக்கரத்துக்குப் போவது கிட்டத்தட்ட கால் பங்குதான். மிச்சத்தில் ஒரு பெரிய பங்கு சைலன்ஸர் வழியாகப் போக, இன்னொரு பெரிய பங்கு தண்ணீருக்கு வருகிறது. (வரவு செலவுக் கணக்கில் இப்படி ஒரு கம்பெனி இருந்தால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார்!) ஓடும்போது எதிர்க்காற்று இலவசமாக வந்து ரேடியேட்டரை ஆற்றுகிறது. நின்றால் ஃபேன் ஒன்றுதான் கதி. இந்தக் காலத்துக் கார்களில் ஃபேனுக்குத் தனி மோட்டார். வண்டி நின்றாலும் முழு வேகத்தில் சுற்றும். எங்கள் வண்டியில் ஃபேனும் தண்ணீர் பம்ப்பும் ஒரே பெல்ட்டில், இன்ஜின் சுற்றுகிற வேகத்தைப் பொறுத்தவை. சிக்னலில் இன்ஜின் தூங்கி வழிந்தால் அவையும் தூங்கி வழியும். பெட்ரோல் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். சுற்றிலும் மற்ற வண்டிகளின் சூடு, கீழே தார் ரோட்டின் சூடு. பாவம், ரேடியேட்டர் என்ன பண்ணும்?

"எலெக்ட்ரிக் ஃபேன் போட்டுடலாமே?" என்று கேட்டேன், புத்திசாலித்தனமாக.

"உங்க வண்டி டைனமோ வண்டி தம்பி. சிக்னல்ல நிக்கும்போது அது குடுக்கிற கரன்ட் ஹெட்லைட்டுக்கே பத்தாது. ஃபேனையும் போட்டா பேட்டரி படுத்துரும்."

அதற்குப் பதில் அவர் செய்தது சாதாரண டிங்கர் வேலை. ஃபேனைச் சுற்றித் தகரத்தில் ஒரு கூடு. கூடு இல்லாவிட்டால் ஃபேன் பக்கவாட்டில் கிடக்கிற காற்றையே இழுத்து, சூட்டைச் சுழற்றிக்கொண்டிருக்கும். கூடு இருந்தால் இழுக்கிற காற்று முழுக்க ரேடியேட்டர் வழியாக வந்தாக வேண்டும். பெல்ட்டும் தொளதொளத்திருந்தது. விரலால் அமுக்கினால் அரை அங்குலம் உள்ளே போகலாம், எங்களுடையது ஊஞ்சல் ஆடியது. அடைந்த குழாய்களுக்குள் தட்டைக் கம்பி விட்டு இரண்டு நாள் சுரண்டி, மறுபடி பற்ற வைத்தார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது மூடி, புது ஹோஸ். பிறகு போர் தண்ணீருக்குப் பதிலாக, டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. கூலன்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் சில டிகிரி ஏற்றிக் கொடுக்கும். இக்னிஷன் டைமிங்கையும் பாய் காதாலேயே கேட்டு, பிறகு லைட் வைத்துப் பார்த்துச் சரிசெய்தார். பொறி தாமதமாக விழுந்தால் பெட்ரோல் காலங்கடந்து எரிந்து, வேலைக்கு ஆகாத சூடாகிவிடுமாம்.

பில்லைப் பார்த்தேன். ஓட்டல்காரர் சொன்ன விலையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. வியாதி வண்டிக்கு இல்லை, பராமரித்தவனுக்கு. பி.காமில் இதற்கு எந்தக் கணக்கில் பற்று எழுதுவது என்று சொல்லித் தரவில்லை.

அந்த வருஷம் அக்டோபரோடு பம்பாயில் பத்மினி டாக்ஸிகளின் காலம் முடிந்தது. 2003-ல் பதிவான கடைசி வண்டிக்கு அங்கே இருபது வருஷ வரம்பு வந்துவிட்டது. பேப்பரில் படத்தைப் பார்த்த அப்பா, அதைக் கத்தரித்து ரேஷன் கார்டு இருக்கிற டப்பாவில் வைத்துவிட்டார்.

உங்களில் யாருக்காவது அப்பாவோ மாமனாரோ இப்படி ஒரு வண்டியை விட்டு வைத்திருந்தால், சிக்னலில் பண்ண வேண்டியது இவ்வளவுதான். கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். முள் ஏறுகிற மாதிரி இருந்தால் ஆக்ஸிலரேட்டரை லேசாக, ரொம்ப லேசாக, மிதித்துப் பிடியுங்கள். இன்ஜின் சற்று வேகமாகச் சுற்றினால் ஃபேனும் பம்ப்பும் விழித்துக்கொள்ளும். முன் வண்டியின் புட்டத்தில் ஒட்டி நிற்காதீர்கள். அவருடைய புகையும் சூடும் உங்கள் ரேடியேட்டருக்கு நேராக வரும். ஹீட்டர் உள்ள வண்டியானால் ஹீட்டரைப் போடுங்கள். மே மாதத்தில் ஹீட்டரா என்று அடிக்க வராதீர்கள்! அது ஒரு குட்டி ரேடியேட்டர்; இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை உங்கள் காலடிக்குக் கொண்டு வந்துவிடும். இன்ஜின் பிழைக்கும், நீங்கள் வேகுவீர்கள். இதற்கும் அடங்காமல் முள் சிவப்புக்குப் போனால் மானம், மரியாதை, ஹாரன் எதையும் பார்க்காமல் ஓரம் கட்டி ஆஃப் பண்ணிவிடுங்கள். சில நேரம் தண்ணீர் கொதிக்காமலே வண்டி இருமி நின்றுவிடும். அது பெட்ரோல் பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிற கேஸ். ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றினால் போதும். அப்பா இதற்காகவே பழைய பனியன் ஒன்றை டிக்கியில் வைத்திருக்கிறார். மூடியைப் பற்றி மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

ஆவணியில் அத்தை பேத்திக்குக் கல்யாணம். அதே ஆற்காடு ரோடு, அதே தகரத் தடுப்பு, அதே க்யூ. இந்தத் தடவை என் மனைவியும் வண்டியில்தான் வந்தாள், சந்தேகத்தோடு கைப்பையில் ஆட்டோவுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டு. சிக்னலில் பத்து நிமிஷம் நின்றோம். முள் எண்பத்தைந்தில் படுத்துத் தூங்கியது. அப்பா சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு ஜன்னலில் கை வைத்திருந்தார்.

பின்னாலிருந்து அம்மா சொன்னாள். "அந்தக் கையை உள்ள எடுங்க. ஒரு தடவை வெந்தது போதாதா?"

"அது கேன்டீன்ல..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"ஆமா, கேன்டீன்! அன்னிக்கு உங்க சட்டையைத் துவைச்சவ நான். கரை பூரா துரு. எந்த ஊர்ல காபி துரு நாத்தம் அடிக்குது?"

முப்பத்தோரு வருஷம்! ஒரு வார்த்தை கேட்டதில்லை அம்மா. நான் சிரித்த சிரிப்பில் ஹாரன் மேல் கை பட்டு அது வேறு அலறியது.

அப்பா என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரொம்பச் சிரிக்காதே" என்றார். "மே மாசம் ஓட்டல்காரன் ஒருத்தன் வந்து வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து, டயரைத் தட்டிப் பாத்துட்டுப் போனான். நீ வீட்ல இல்ல. எவ்வளவு தரேன்னான்?"

சிக்னல் பச்சையானது. நான் முதல் கியரைப் போட்டேன்.